சக்கரப் பலகையும் சிறு தொழிலும்

சித்தூரில் மாங்கூழ் ஆலைக்குக் கடன் கேட்டு ஒருவர் வங்கிக்குச் சென்றால், அது என்ன தொழில் என்று யாரும் அவரைக் கேட்பதில்லை. திருப்பதியில் யாத்திரிகர் தங்கும் விடுதிக்கோ உணவகத்துக்கோ கடன் நாடுபவரையும் கேட்பதில்லை. ஸ்கேட்போர்டு எனப்படும் சக்கரப் பலகைகளை விற்கவும், அவற்றில் பயிற்சி அளிக்கவும் ஒரு சிறு நிலையம் தொடங்க விரும்புவதாக இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் அதே மேசையின் முன் அமர்ந்து சொன்னால், மேலாளர் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார். வீட்டில் தந்தையார் கேட்ட கேள்வியையே அவரும் கேட்பார்: இதை யார் வாங்குவார்கள்?

கேள்வி நியாயமானதே. ஆர்வத்தை மட்டும் மூலதனமாகக் கொண்டு தொடங்கி, வீட்டுச் சேமிப்பையும் இழந்து நின்ற இளைஞர்கள் எல்லா ஊர்களிலும் உண்டு. ஆயினும் இந்த ஒரு தொழிலைப் பொறுத்தவரை, யார் வாங்குவார்கள் என்பதற்கு முன்னதாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வாங்கியவர் அதை எங்கே ஓட்டுவார் என்பதே அது. கிரிக்கெட் மட்டையை வாங்கியவன் தெருமுனையில் ஆடிவிடலாம். பூப்பந்து மட்டைக்கு வீட்டு மாடி போதும். சக்கரப் பலகைக்கு வழவழப்பான, தூசியற்ற, வாகனம் குறுக்கிடாத தரை வேண்டும். அத்தகைய தரை இல்லாத ஊரில் வாங்கப்பட்ட பலகை இரண்டு மாதத்தில் பரண்மேல் ஏறிவிடும். முதல் பலகையே பரண் ஏறிய வீட்டில் இரண்டாவது பலகை விற்காது. உலகெங்கும் இத்தொழில் செழித்ததும் நொடித்ததும் இந்தத் தரையைச் சார்ந்தே நடந்திருக்கின்றன.

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இதில் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலை இராணிப்பேட்டை, சித்தூர், பலமநேர் வழியாகவே செல்கிறது. தென்னிந்தியாவில் சக்கரப் பலகை வேரூன்றிய இடங்கள் இரண்டு. ஒன்று பெங்களூர், மற்றது சென்னைக்குத் தெற்கே உள்ள மாமல்லபுரம்–கோவளம் கடற்கரை. இவ்விரண்டுக்கும் இடைவழியில் இருக்கிறது சித்தூர். அங்கிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டரில் திருப்பதி. 1954இல் நிறுவப்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும், 2015இல் வந்த ஐ.ஐ.டி.யும் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் அதை மாணவர் நகரமாகவும் ஆக்கியிருக்கின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. தமிழும் தெலுங்கும் ஒருசேரப் புழங்கும் இப்பகுதியின் இளைஞர்கள் படிக்கவும் வேலை தேடவும் பெங்களூருக்கும் சென்னைக்கும் செல்கிறார்கள். அங்கே பார்த்த ஒன்றை ஊருக்குக் கொண்டுவர விரும்புவதில் வியப்பில்லை.

பெங்களூரில் நடந்தது

2010களின் தொடக்கத்தில் பெங்களூரில் பலகை ஓட்டிய இளைஞர் சிலர் ‘ஹோலிஸ்டோக்ட்’ என்ற பெயரில் ஒரு குழுவாகச் சேர்ந்தனர். அவர்கள் கடையோடு தொடங்கவில்லை. ஓட்டுவதற்கு இடமின்மையே அவர்களுடைய முதல் குறையாக இருந்தது. 2013இல் லீவைஸ் நிறுவனத்தின் உதவியோடு, வெளிநாட்டிலிருந்து வந்த பலகை ஓட்டிகளும் உள்ளூர் இளைஞர்களும் தங்கள் கைகளாலேயே கலவை குழைத்து, கம்பி கட்டி, சில வாரங்களில் ஒரு கான்கிரீட் சறுக்குத் தளத்தை எழுப்பினர். தளம் எழுந்த பிறகே பிள்ளைகள் வந்தனர். பிள்ளைகள் வந்த பிறகே பலகைக்கும் சக்கரத்துக்கும் தேவை பிறந்தது. பிற்காலத்தில் அக்குழு பலகைகளை விற்றதோடு, நாட்டின் வேறு இடங்களில் தளங்கள் கட்டித் தரும் வேலையையும் மேற்கொண்டது. கொத்து வேலையையும் பலகை ஓட்டுவதையும் ஒருங்கே அறிந்தவர்கள் இந்நாட்டில் மிகச் சிலரே ஆதலால், கட்டும் அறிவே விற்பனைக்குரிய பொருளாயிற்று. கடையில் கிடைக்கும் இலாபத்தைவிட இந்த அறிவுக்கு மதிப்பு அதிகம் என்பது புதிதாகத் தொடங்குவோர் கவனிக்க வேண்டிய செய்தி.

அதே நகரில் அதிதா வர்கீஸ் என்ற இளம்பெண், பெண்களுக்கென்றே ‘கேர்ள் ஸ்கேட் இந்தியா’ என்ற முயற்சியைத் தொடங்கினார். இதை நற்பணியாக மட்டும் கருதிவிடலாகாது. வணிகக் கண்ணோடும் பார்க்க வேண்டும். ஆண் பிள்ளைகளை மட்டும் நம்பி நடத்தப்படும் எந்த விளையாட்டு நிலையமும் ஊரின் பாதிச் சந்தையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது.

மாமல்லபுரத்து வரலாறு வேறு வகையானது. அங்கே கடலலைச் சறுக்கு முதலில் வந்தது; பலகை அதைப் பின்தொடர்ந்தது. மீனவக் குடும்பத்துச் சிறுமி கமலி வெறுங்காலோடு பலகையில் சறுக்கும் படத்தை இவ்விளையாட்டின் மிகப் பெரிய பெயரான அமெரிக்கர் டோனி ஹாக் பகிர்ந்தபோது உலகம் அச்சிறுமியைப் பார்த்தது. சாஷா ரெயின்போ இயக்கிய ‘கமலி’ என்ற குறும்படம் 2019இல் வெளிவந்து, பிரிட்டனின் பாஃப்டா விருதுக்கு 2020இல் முன்மொழியப்பட்டது. கடற்கரையில் சிறு கடை நடத்திப் பெண்ணை வளர்த்த தாயின் கதையும் அப்படத்தில் உண்டு. ஊராரின் பேச்சைப் பொருட்படுத்தாமல் அந்தத் தாய் மகளை விளையாட அனுமதித்தது, விளம்பரத்துக்கு எந்த நிறுவனமும் செலவிட முடியாத தொகைக்கு ஈடானது.

இந்தியாவின் மறு கோடிகளிலும் இதே வரிசைமுறையைக் காணலாம். மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்ற சிற்றூரில், ஜெர்மனியைச் சேர்ந்த உல்ரிக்கே ரைன்ஹார்ட் 2015இல் ஒரு சறுக்குத் தளம் அமைத்தார். கலைஞர்கள் வண்ணம் தீட்டிய பலகைகளை ஏலம் விட்டு அதற்குப் பணம் திரட்டப்பட்டது. தளத்துக்கு இரண்டே விதிகள்: பள்ளிக்குப் போகாதவருக்குச் சறுக்கு இல்லை, பெண் பிள்ளைகளுக்கே முதலிடம். அங்கே பழகிய ஆஷா கோண்ட் என்ற பழங்குடிப் பெண் 2018இல் சீனாவின் நான்ஜிங் நகரில் நடந்த உலகப் போட்டியில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார். ராஜஸ்தானில் உதயப்பூருக்கு அருகே கேம்பூர் கிராமத்தில், 2021இல் வெளிவந்த ‘ஸ்கேட்டர் கேர்ள்’ படத்துக்காகக் கட்டப்பட்ட தளம் படப்பிடிப்புக்குப் பின் இடிக்கப்படாமல் ஊர்ப் பிள்ளைகளுக்கே விடப்பட்டது. கடை இல்லாத ஊர்களில் தளம் வந்து பிள்ளைகளை உண்டாக்கிற்று. தளம் இல்லாமல் கடை மட்டும் வந்து பிள்ளைகளை உண்டாக்கியதற்கு உதாரணம் காட்டுவது கடினம்.

பிறந்த நாட்டில் பட்ட பாடு

சக்கரப் பலகை அமெரிக்காவின் கலிபோர்னியாவில், அலைச் சறுக்கு விளையாடியவர்கள் கடலில் அலை இல்லாத நாட்களைப் போக்குவதற்காகக் கண்ட வழி. 1960களின் முற்பகுதியில் அது பெருவணிகமாயிற்று. 1965இல் அனாஹைம் நகரில் தேசியப் போட்டி நடந்து, தொலைக்காட்சியிலும் காட்டப்பட்டது. அதே ஆண்டு முடிவதற்குள் வணிகம் சரிந்தது. அந்நாளைய சக்கரங்கள் களிமண் கலவையால் ஆனவை. சிறு கல் பட்டாலும் நின்றுவிடும். மேலிருப்பவர் தூக்கி எறியப்படுவார். விபத்துகள் பெருகவே, நகராட்சிகள் தெருக்களில் பலகை ஓட்டுவதைத் தடை செய்தன. கிடங்குகளில் பலகைகள் தேங்கின.

மறுவாழ்வு ஒரு சிறு முதலீட்டாளரால் வந்தது. ஃபிராங்க் நாஸ்வொர்தி என்ற இளைஞர், வர்ஜீனியாவில் ஒரு தொழிற்சாலை உருளைக் காலணிகளுக்கென வார்த்து வைத்திருந்த பாலியூரித்தேன் சக்கரங்களைத் தம் பலகையில் பூட்டிப் பார்த்தார். அவை தரையைப் பற்றிக்கொண்டு, ஓசையின்றி உருண்டன. உணவு விடுதியில் வேலை செய்து சேர்த்த சிறு தொகையைக் கொண்டு 1970களின் தொடக்கத்தில் அவர் ‘காடிலாக்’ என்ற பெயரில் அச்சக்கரங்களை விற்க முனைந்தார். கலிபோர்னியாவின் கடற்கரைக் கடைகள் முதலில் அவரைக் கண்டுகொள்ளவில்லை. ஆகவே சக்கரங்களைப் பையில் போட்டுக்கொண்டு, பலகை ஓட்டும் பிள்ளைகளிடமே கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார். பிள்ளைகள் போய்க் கடைக்காரரைக் கேட்டனர். தம் பொருளைத் தாமே ஓட்டத் தெரிந்தவருக்கு மட்டுமே இயலும் விற்பனை முறை இது. 1973இல் மூன்று நண்பர்கள் கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் நகரில் தொடங்கிய நிறுவனமும் அவ்வாறே வளர்ந்தது. கைவசமிருந்த கண்ணாடி இழைத் தகட்டைக் கொண்டு ஹவாய்த் தீவுகளுக்காகச் செய்த பலகைகளே அவர்களுடைய முதல் சரக்கு.

1976 முதல் கட்டணம் வாங்கும் சறுக்குத் தளங்கள் அந்நாட்டில் நூற்றுக்கணக்கில் முளைத்தன. 1980ஆம் ஆண்டை ஒட்டி அவற்றுள் பெரும்பாலானவை மூடப்பட்டன. காரணம் வாடிக்கையாளர் குறைவு மட்டுமன்று. விபத்துக் காப்பீட்டுக் கட்டணம் தாங்க முடியாத அளவுக்கு ஏறியதே முதற்காரணம். தளங்கள் போனதும் பலகைக் கடைகளும் போயின. 1997இல் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றி, சக்கரப் பலகையை ஆபத்துள்ள பொழுதுபோக்குகளின் பட்டியலில் சேர்த்தது. கேட்பதற்குக் கண்டனம் போல் தோன்றும் அந்தச் சட்டத்தின் பயன் நேர்மாறானது. தன் விருப்பத்தோடு அபாயத்தை மேற்கொள்பவருக்கு நேரும் காயத்துக்கு நகராட்சி பொறுப்பன்று என்பது அதனால் வரையறுக்கப்பட்டது. அஞ்சியிருந்த நகராட்சிகள் துணிந்து பொதுத் தளங்களைக் கட்டலாயின. வணிகத்தைக் காப்பாற்றியது விளம்பரமோ புதிய மாதிரிப் பலகையோ அன்று. பொறுப்பு யாருடையது என்று தெளிவுபடுத்திய சட்டத்தின் சில வரிகளே.

இதன் பின்னர் வந்தது ஒலிம்பிக் அங்கீகாரம். 2021இல் நடைபெற்ற டோக்கியோ விளையாட்டுகளில் சக்கரப் பலகை முதன்முறையாக இடம்பெற்றது. மகளிர் தெருப் பிரிவில் தங்கம் வென்ற ஜப்பானின் மோமிஜி நிஷியாவுக்கும், வெள்ளி வென்ற பிரேசிலின் ராய்சா லியாலுக்கும் அப்போது வயது 13. இந்தியாவில் 2022ஆம் ஆண்டு குஜராத்தில் நடந்த தேசிய விளையாட்டுகளில் இப்பிரிவு சேர்க்கப்பட்டபோது, மகளிர் தெருப் பிரிவின் தங்கத்தை மகாராஷ்டிரத்தின் ஷ்ரத்தா கெய்க்வாட் வென்றார். வசதி படைத்தவர் வீட்டுப் பெண் அல்லர் அவர். பூனா நகரில் காவலாளி வேலை பார்த்தவரின் மகள்.

இப்பகுதியில் என்ன கிடைக்கும்

தொழில் தொடங்குவோர் முதலில் பொருளை அறிய வேண்டும். தரமான பலகை ஏழு மெல்லிய மேப்பிள் மர ஏடுகளைப் பசையிட்டு அழுத்திச் செய்யப்படுவது. ஏடுகளுள் பெரும்பாலானவை நீளவாக்கிலும், ஒன்றிரண்டு குறுக்குவாக்கிலும் வைக்கப்படும்; அதனாலேயே அது வளைந்தும் ஒடியாமல் நிற்கிறது. குளிர் நாட்டில் மெதுவாக வளரும் மேப்பிள் மரத்தின் உறுதி நம்நாட்டுச் சந்தையில் எளிதாகக் கிடைக்கும் ஒட்டுப் பலகைக்கு இல்லை. விளையாட்டுப் பொருள் அங்காடிகளில் மலிவாகக் கிடைக்கும் பலகைகளில் சக்கரம் கெட்டி நெகிழியாலானது. அச்சு சில நாளில் கோணிவிடும். அவற்றில் தொடங்கிய பிள்ளை தனக்கு இந்த விளையாட்டு வராது என்று எண்ணி விலகிவிடுகிறான். குற்றம் அவனுடையதன்று, பலகையினுடையது.

சக்கரத்தின் கடினத்தன்மை எண்ணால் குறிக்கப்படும். கான்கிரீட் தளத்துக்கு 95 முதல் 101 வரையிலான கடினச் சக்கரங்கள் ஏற்றவை. ஜல்லி தெரியும் தார்ச்சாலைக்கும் சிமெண்டு முற்றத்துக்கும் 78 முதல் 87 வரையிலான மென்சக்கரங்களே வேண்டும். பெங்களூர்த் தளத்தில் ஓடுவதைப் பார்த்துவிட்டுக் கடினச் சக்கரங்களை வரவழைத்துத் திருப்பதியில் விற்பவர், வாங்கியவரின் பற்கள் கிட்டிக்கும்படி செய்துவிடுவார். சக்கரத்தின் நடுவே பொருந்தும் உருளைத் தாங்கி 608 என்ற பொது அளவினது: வெளிவிட்டம் 22, உள்விட்டம் 8, அகலம் 7 மில்லிமீட்டர். மோட்டார் உதிரிபாகக் கடைகளிலும் அது கிடைக்கும். தூசி மிகுந்த கோடையில் அதைக் கழற்றித் துடைத்து எண்ணெய் இட்டுத் தருவதே ஒரு சிறு பணிமனைக்கு மாதாந்தர வருவாயாக அமையக்கூடும்.

பலகையைச் செய்ய இப்பகுதியின் மரம் உதவுமா என்று ஆர்வலர் கேட்பதுண்டு. சேஷாசலக் காடுகளின் செம்மரத்தை இந்த வகையில் நினைக்கவும் வேண்டாம். உலகில் இயற்கையாக இந்த மலைத்தொடர்களிலும் அவற்றை ஒட்டிய பகுதிகளிலும் மட்டுமே வளரும் அந்த மரம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது; அனுமதியின்றி வெட்டினாலும் கடத்தினாலும் சிறை. பலகை வெளியிலிருந்து வரட்டும். சறுக்குத் தளத்துக்கு வேண்டிய ஏனைய யாவும் இங்கேயே இருக்கின்றன. குப்பம் பகுதியின் பச்சைக் கருங்கல் பெயர் பெற்றது; கல்லறுத்து மெருகிடும் பட்டறைகள் இம்மாவட்டத்தில் ஏராளம். பலகை ஓட்டுவோர் மிகவும் விரும்புவது, மெருகிட்ட கல்லின் கூர் விளிம்பில் பலகையைத் தேய்த்துச் செல்வது. பட்டறையில் விளிம்பு உடைந்ததாலோ நிறம் பொருந்தாததாலோ ஒதுக்கப்பட்ட கல்துண்டுகளை இரண்டடி உயரச் செங்கல் மேடைமேல் பதித்து, மெழுகு தடவிவிட்டால் ஒரு பயிற்சி மேடை ஆயிற்று. கைப்பிடிக் கம்பியை எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்யலாம். சாய்தளத்தைத் தச்சர் ஒருவர் இரும்புச் சட்டமும் நீர் தாங்கும் ஒட்டுப் பலகையும் கொண்டு கழற்றிப் பூட்டும்படி அமைத்துத் தர முடியும். அதைச் சிறு சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் பள்ளி செல்லலாம். தளம் கட்ட நிலம் கிடைக்கும் வரை இந்த நடமாடும் தளமே தொழிலின் கால்.

ஸ்ரீகாளஹஸ்தியின் கலம்காரி ஓவியர்களைக் கொண்டு பலகைகளின் அடிப்புறத்தை அலங்கரிக்கச் செய்வதும் சிந்திக்கத்தக்கது. ஓட்டுவதற்கு அது பயன்படாது. ஒரே நாளில் தேய்ந்துவிடும். சுவரில் மாட்டுவதற்கென்று விற்றால், ஜன்வாரில் ஏலம் செய்த வேலையை இங்கே கலை செய்யும்.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். திருமலைக்கு ஏறும் மலைப்பாதையை, அதாவது 1944இல் திறக்கப்பட்ட முதற்பாதையை, அதன் வளைவுகளோடு பார்க்கும் பலகை ஓட்டியின் மனம் எந்தத் திசையில் ஓடும் என்பது ஊகிக்கக் கூடியதே. அது யாத்திரிகர் வாகனங்கள் இடைவிடாமல் செல்லும் பாதை. அங்கே ஒரே ஒரு விபத்து நேர்ந்தாலும் இரண்டு மாவட்டங்களிலும் இவ்விளையாட்டின் பெயர் கெடும். தொழிலும் அன்றோடு முடியும்.

பணமும் இடமும்

கடனைப் பொறுத்தவரை, 2008இல் தொடங்கிய பிரதம மந்திரியின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் முதலில் நினைவுக்கு வரும். 2025-26 வரை நீட்டிக்கப்பட்ட அதன் விதிகளின்படி, சேவைத் தொழிலுக்குத் திட்டச் செலவு 20 லட்சம் ரூபாய் வரையிலும், உற்பத்திக்கு 50 லட்சம் வரையிலும் அனுமதி உண்டு. ஓர் எடுத்துக்காட்டு: நடமாடும் சாய்தளம், பயிற்சிக்கான பலகைகள், தலைக்கவசங்கள், சிறு பணிமனை ஆகியவற்றுக்கு மொத்தச் செலவு 4 லட்சம் என்று கொள்ளலாம். நகர்ப்புறத்தில் பொதுப்பிரிவைச் சேர்ந்த ஆண் ஒருவர் அதில் 10 சதவீதம், அதாவது 40,000 ரூபாய், தம் கையிலிருந்து போட வேண்டும். 15 சதவீதம், அதாவது 60,000 ரூபாய், மானியம். அதே தொழிலைக் கிராமப்புறத்தில் ஒரு பெண் தொடங்கினால் அவருடைய பங்கு 20,000 ரூபாய். மானியம் 35 சதவீதமாகி 1,40,000 ரூபாயை எட்டும். மானியம் உடனே கைக்கு வருவதன்று. வங்கியில் மூன்று ஆண்டுகள் இருந்த பின்னரே கடனில் ஈடு செய்யப்படும். விண்ணப்பிக்கும் நேரத்தில் நடப்பிலுள்ள விதி எதுவென மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறிந்துகொள்வது முறை.

இத்திட்டத்தில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வெறும் வாங்கி விற்கும் கடைக்கு இதில் பொதுவாக இடமில்லை. உற்பத்தியோடோ சேவையோடோ இணைந்த சில்லறை விற்பனைக்கு இடமுண்டு. பயிற்சியும் பழுதுபார்ப்பும் நடக்கும் இடத்தில் பலகையும் விற்கப்படுமானால் விண்ணப்பம் நிற்கும். பெட்டி பிரித்து விற்பது மட்டுமே வேலை என்றால் நிற்பது அரிது. விற்பனைக்கு மட்டும் சிறு தொகை வேண்டுவோருக்கு 2015இல் தொடங்கிய முத்ரா கடன் உண்டு. அதன் முதற்படியான ‘சிசு’ பிரிவில் ஈடின்றி 50,000 ரூபாய் வரை பெறலாம். ஐம்பதாயிரத்துக்குச் சரக்கு வாங்கி அடுக்குவதைவிட, ஐந்தாறு நல்ல பலகைகளை வாடகைக்கு விட்டுப் பழக்குவது அறிவுடைமை. மணிக்கணக்கில் வாடகை கொடுத்துப் பழகிய பிள்ளைதான் மூன்றாம் மாதம் சொந்தப் பலகைக்கு வீட்டில் அடம் பிடிப்பான்.

ஊர்தோறும் உருளைக் காலணிப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன என்பதும் ஒரு வசதி. 2023இல் ஹாங்ஜோவில் நடந்த ஆசிய விளையாட்டுகளின் உருளைச் சறுக்குத் தொடரோட்டத்தில் இந்திய ஆடவரும் மகளிரும் வெண்கலம் வென்றனர். அவ்வணியில் ஓடிய தமிழ்நாட்டின் ஆனந்தகுமார் வேல்குமார் 2025இல் உலகச் சாம்பியன் பட்டத்தையும் வென்றார். அவர்களுடைய வெற்றிக்குப் பின் சக்கரத்தின்மேல் பிள்ளையை ஏற்றப் பெற்றோர் முன்போல் தயங்குவதில்லை. அந்த வகுப்புகளின் தளத்தை அவை நடக்காத நேரத்துக்கு வாடகை பேசிக்கொள்ளலாம்.

நிரந்தரத் தளத்துக்கு நிலமே தடை. தனி நிலத்தை வாடகைக்கு எடுத்துக் கான்கிரீட் கொட்டுவது அறிவீனம். குத்தகை முடிந்த நாளில் கான்கிரீட்டைப் பெயர்த்து எடுத்துச் செல்ல முடியாது. நகராட்சிப் பூங்காவின் ஒரு மூலையே பொருத்தமான இடம். கட்டும் செலவுக்கு ஒரு வழி உண்டு. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் பெரிய நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அப்பணிகளின் பட்டியலில் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சியும் இடம்பெற்றுள்ளது. டோக்கியோவுக்குப் பின் சக்கரப் பலகை அப்பட்டியலுக்குள் வந்துவிட்டது. திருப்பதி மாவட்டத்தின் ஸ்ரீசிட்டியில் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் கதவைத் தட்டும் இளைஞரிடம் பள்ளிகளில் நடத்திய பயிற்சியின் வருகைப் பதிவேடும், எத்தனை பெண் பிள்ளைகள் வந்தனர் என்ற கணக்கும், விபத்துப் பதிவேடும் இருக்குமானால் அவருடைய சொல் எடுபடும். பலகைக் கடையின் ரசீதுப் புத்தகம் அங்கே எதையும் நிறுவாது.

நகராட்சி கேட்கப்போவதும் விபத்தைப் பற்றியே. தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும் இன்றி யாரையும் ஏற்றுவதில்லை என்ற விதியும், பெற்றோர் கையொப்பமிட்ட ஒப்புதலும், குழு விபத்துக் காப்பீடும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். புதியவர்கள் விழும்போது கையை ஊன்றுவதால் மணிக்கட்டே முதலில் முறிகிறது. எப்படி விழுவது என்பதே முதல் வகுப்பின் பாடம். முட்டிக்காப்பின்மேல் சரிந்து இறங்கப் பழகிய பிள்ளை அதன்பின் அஞ்சுவதில்லை.

சித்தூர்க் கோடையில் காலை எட்டு மணிக்குமேல் கான்கிரீட்டில் கை வைக்க முடியாது. ஆகவே வகுப்பு விடியலில் ஐந்தரைக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடிய வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் தரையைப் பெருக்கிக் கூழாங்கற்களைப் பொறுக்கி எறியும் வேலை, தொழிலைத் தொடங்கியவருடையதே.